கெடு தவறாத டேட்டாபேஸ்: வெள்ள எச்சரிக்கையை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

"அக்கா, ஆவரேஜ் 159 மில்லிசெகண்ட்தான் வருது. நாங்க வெச்ச கெடு 300. அப்போ பாஸ்தானே?"

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து, இறுதியாண்டு மாணவர்கள் மூன்று பேர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்கள். தென்பெண்ணையிலும் கெடிலத்திலும் நீர்மட்டக் கருவிகள் இருந்தால் கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும் என்று ஒரு மாதிரி அமைப்பு செய்திருந்தார்கள். உண்மைக் கருவி எதுவும் கிடையாது. கருவியைப் போல அளவு அனுப்பும் சின்னச் சின்ன புரோகிராம்கள், நடுவில் ஒரு போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், அவ்வளவுதான்.

சராசரியை ஒதுக்கிவிட்டு மூலப் பதிவைத் திறக்கச் சொன்னேன். ஓடியவை 1,000 எச்சரிக்கைகள். அவற்றில் 980 எச்சரிக்கைகள் 40 மில்லிசெகண்டில் முடிந்திருந்தன. மீதி 20 எச்சரிக்கைகளுக்கு ஆளுக்கு 6 விநாடி ஆகியிருந்தது. கூட்டி வகுத்தால் 159தான் வரும், கணக்கில் பிழையில்லை. ஆனால் 20 ஊர்களுக்குக் கெடு தவறிவிட்டது. அந்த இருபதும் ஒரே நேரத்தில் நடந்திருந்தன, பின்னணியில் நாள் அறிக்கை ஓடிக்கொண்டிருந்த நேரத்தில்.

டிசம்பர் என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் வயிற்றில் ஒரு கலக்கம் உண்டு. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல். ஃபெஞ்சலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. அது வடியும் முன்பே சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாக வந்து ஊர்களுக்குள் புகுந்தது. இப்படி ஓர் அமைப்புக்கு உண்மையான வேலை வருவது அந்த மாதிரி இரவில்தான். ஜனவரி மாத வெயிலில் எந்த முறையை வைத்தாலும் நன்றாகத்தான் ஓடும். எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவியும்போது எதை முதலில் முடிப்பது, எதைக் கைவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். அந்த முடிவைப் படிப்படியாக எப்படி எடுப்பது என்று மாணவர்களிடம் சொன்னதை விரிவாக இங்கே எழுதுகிறேன். வெள்ளம் எடுத்துக்காட்டுக்குத்தான். தொழிற்சாலைத் தொட்டி, மருத்துவமனை மானிட்டர், பங்குச்சந்தை என்று கெடு உள்ள எந்த அமைப்புக்கும் இதே வழிதான்.

படி 1: கெடு எங்கிருந்து வருகிறது?

கெடுவை மெஷினைப் பார்த்து வைக்கக் கூடாது. "எங்க சர்வர் 300-ல முடிக்கும், அதனால கெடு 300" என்றால் அது கெடு ஆகாது. வெளியே இருக்கும் பொருளிலிருந்து, இங்கே ஆற்றங்கரையிலிருந்து, பின்னோக்கிக் கணக்குப் போட்டு வர வேண்டும். மாணவர்கள் இதைச் சரியாகவே செய்திருந்தார்கள். ஓர் அளவு அபாயக் கோட்டைத் தாண்டினால் கரையோரம் 150 இடங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக எச்சரிக்கை டிரான்சாக்ஷன் (முழுதாக முடிய வேண்டிய, இல்லையேல் நடக்காததாகவே ஆக வேண்டிய ஒரு டேட்டாபேஸ் வேலை) ஓடும். எல்லாம் 45 விநாடிக்குள் போக வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். 45 விநாடியை 150 ஆல் வகுத்தால் 300 மில்லிசெகண்ட். இப்படி வந்த எண்ணை யார் கேட்டாலும் விளக்க முடியும்.

அடுத்து, கெடு தவறினால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு வகை டிரான்சாக்ஷனுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பாடப்புத்தகங்கள் மூன்று வகை சொல்லும். தவறினால் பேரழிவு என்பது கண்டிப்பான கெடு. தவறியபின் அந்த வேலைக்கே பயனில்லை என்பது இரண்டாவது. தவறினாலும் பயன் உண்டு, ஆனால் நேரம் போகப் போகக் குறையும் என்பது நெகிழ்வான கெடு. எச்சரிக்கை எந்த வகை என்று கேட்டதும் மூன்று பேரும் ஒரே குரலில் "கண்டிப்பு" என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கண்டிப்பான கெடு என்றால் தவறவே தவறாது என்று முன்கூட்டியே நிரூபிக்க வேண்டும். பொதுப் பயன்பாட்டு டேட்டாபேஸை வைத்து அந்த உறுதியைத் தர முடியாது. எச்சரிக்கை நெகிழ்வான வகைதான், பயன் மிக வேகமாகக் குறையும் வகை. ஒரு நிமிடம் தாமதமானாலும் எச்சரிக்கை போய்த்தான் ஆக வேண்டும், அதைத் தூக்கி எறியக் கூடாது.

கருவி அனுப்பும் அளவு இரண்டாம் வகை. அடுத்த அளவு வந்துவிட்டால் நேரடிக் கணக்கில் பழைய அளவுக்கு மதிப்பில்லை, அதைத் தாராளமாக எறியலாம். நாள் அறிக்கைக்குக் கெடுவே கிடையாது, காலையில் கையில் இருந்தால் போதும். இந்த மூன்று வரியை ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டி வையுங்கள். கீழே வரும் ஒவ்வொரு முடிவுக்கும் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

படி 2: தரவுக்கும் வயது உண்டு

சாதாரண டேட்டாபேஸில் ஒருவரது வங்கி இருப்பு தானாகப் பழசாகாது. நீர்மட்டம் பழசாகும். ஓர் அளவு 10 நிமிடம் வரை செல்லுபடியாகும் என்று வைத்துக்கொள்வோம். கருவி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும்? 10 என்று சொல்லத் தோன்றும். அங்கேதான் இடறுகிறோம். ஒரு சுற்றில் பதிவு தொடக்கத்திலேயே முடிந்து, அடுத்த சுற்றில் கடைசி நொடியில் முடிந்தால், இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு சுற்று நேரம் போய்விடும். அதனால்தான் சுற்றை ஆயுளில் பாதியாக, 5 நிமிடமாக வைக்கிறார்கள்; சுற்று முடிவதே அந்தப் பதிவின் கெடு.

இதில் மெஷினுக்குச் சுமை இரட்டிப்பாகிறது. குறைக்க வழி உண்டு. சுற்றை 7 நிமிடமாக்கி, ஒவ்வொரு பதிவும் வந்த 3 நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்று கெடுவை இறுக்கினால் இரண்டும் சேர்ந்து அதே 10 நிமிடம். பதிவுகளின் எண்ணிக்கை குறைகிறது, தரவின் புதுமையும் கெடவில்லை. கெடுவை இறுக்கியதால், எந்த வேலை எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலருக்கு நெருக்கடி கொஞ்சம் கூடும்; பெரும்பாலும் அது தாங்கக்கூடிய விலைதான்.

இரண்டு கருவிகளை ஒப்பிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மேலே உள்ள கருவியின் அளவு 9 நிமிடம் பழையது, கீழே உள்ளது இப்போதுதான் வந்தது என்றால், தனித்தனியே இரண்டும் செல்லும். சேர்த்துக் கழித்தால் வரும் விடை பொய். ஒப்பிடும் அளவுகளுக்குள் எவ்வளவு இடைவெளி பொறுக்கலாம் என்பதைத் தனியாக வரையறுத்து வையுங்கள்.

படி 3: சரியாக அளப்பது

அளக்க வேண்டியது கெடு தவறிய விகிதம். அதுவும் வகைவாரியாக: எச்சரிக்கையில் எத்தனை சதவீதம், கருவிப் பதிவில் எத்தனை சதவீதம். இரண்டையும் கலந்து ஒரே எண்ணாக்கினால், எண்ணிக்கையில் அதிகமான கருவிப் பதிவுகள் எச்சரிக்கையின் தோல்வியை மூடி மறைத்துவிடும்.

மாணவர்களின் சோதனையில் இன்னொரு குறை இருந்தது. ஒவ்வொரு புரோகிராமும் தன் ஒரு டிரான்சாக்ஷன் முடிந்தபின்தான் அடுத்ததை அனுப்பியது. டேட்டாபேஸ் 6 விநாடி திணறினால் அனுப்புகிற புரோகிராமும் 6 விநாடி சும்மா நிற்கும். நெருக்கடி வரும்போது சுமை தானாகக் குறைந்துவிடும். ஆறு அப்படிக் காத்திருக்காது. பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதனதன் நேரத்துக்கு வந்து விழும்படி சுமையைக் கொடுக்க வேண்டும். போஸ்ட்கிரஸோடு வரும் பிஜிபெஞ்ச் கருவியில் இதற்கு இரண்டு வசதிகள் உண்டு. ஒன்று, விநாடிக்கு இத்தனை என்று வீதத்தைக் கட்டுவது. அதில் வருகைகள் சீராக இல்லாமல் பாய்சான் முறையில் சிதறி வரும். இன்னொன்று, தாமத வரம்பு வைப்பது; வரம்பைத் தாண்டியவற்றை அது தனியாக எண்ணிக் காட்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால், ஏற்கெனவே கெடு கடந்துவிட்டதை அனுப்பாமலே தவிர்த்து அதையும் கணக்கில் காட்டும். மேலே சொன்ன இரண்டாம் வகைக் கெடு அப்படியே கையில் கிடைக்கிறது.

நேரத்தை டிரான்சாக்ஷன் தொடங்கியதிலிருந்து எடுக்காதீர்கள். தொடங்கியிருக்க வேண்டிய நேரத்திலிருந்து எடுங்கள்.

படி 4: யார் முதலில்?

லியூ, லேலண்ட் என்ற கணினி ஆய்வாளர்கள் இருவரும் 1973-ல் காட்டியது இன்றும் அடித்தளம். சுற்று சுற்றாக வரும் வேலைகள், ஒரே புராசஸர், நடுவில் நிறுத்தி மாற்ற முடியும், கெடு அடுத்த சுற்றின் தொடக்கம் என்றால், கெடு அருகில் உள்ளதை முதலில் எடுக்கும் முறையில் சுமை 100 சதவீதம் வரை எதுவும் தவறாது. சுற்று சிறியதற்கே நிலையான முன்னுரிமை என்று வைத்தால், வேலைகள் எத்தனை இருந்தாலும் ஏறக்குறைய 69 சதவீதம் வரை உறுதி தரலாம். அதனால் "கெடு அருகில் இருப்பது முதலில்" என்பதை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்கிறார்கள்.

சுமை 100-ஐத் தாண்டும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். இந்தக் கணக்கை மாணவர்களைக் கையாலேயே போடச் சொன்னேன். நீங்களும் ஒரு தாளில் போடுங்கள்.

ஐந்து கருவிப் பதிவுகள் ஒரே நேரத்தில் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் 40 மில்லிசெகண்ட் வேலை. கெடுக்கள் 35, 75, 115, 155, 195. முதல் பதிவுக்கு 40 வேண்டும், கெடுவோ 35. அது எப்படியும் முடியாது. ஆனால் கெடு அதற்குத்தான் அருகில், அதனால் அதையே முதலில் எடுக்கிறோம். 40-ல் முடிகிறது, தவறிவிட்டது. இரண்டாவது 80-ல் முடிகிறது, கெடு 75, தவறிவிட்டது. மூன்றாவது 120, நான்காவது 160, ஐந்தாவது 200. ஐந்தும் தவறிவிட்டன, ஒவ்வொன்றும் வெறும் 5 மில்லிசெகண்டில்.

கெடு கடந்ததும் எறிந்துவிடுவோம் என்று மாற்றிப் பார்க்கலாம். முதல் பதிவை 35-ல் நிறுத்துகிறோம். இரண்டாவது 35-ல் தொடங்கி 75-ல், மிகச் சரியாகக் கெடுவில் முடிகிறது. மூன்றாவது 115, நான்காவது 155, ஐந்தாவது 195. நான்கு தப்பின. இங்கே மாணவர்கள் கைதட்டினார்கள்.

"ரோல்பேக்குக்கு எவ்வளவு நேரம் வெச்சீங்க?" என்று கேட்டேன். பாதியில் நிறுத்தியதைப் பழைய நிலைக்குத் திருப்புவதுதான் ரோல்பேக். அவர்கள் வைத்தது பூஜ்யம். ஒரே ஒரு மில்லிசெகண்ட் வைத்துப் பாருங்கள். முதலாவதை 35-ல் நிறுத்தி, ரோல்பேக் முடிய 36. இரண்டாவது 36-ல் தொடங்கினால் 76 வேண்டும். 75-ல் எறிகிறோம், ரோல்பேக் 76. மூன்றாவதுக்கு 116 வேண்டும், கெடு 115. இப்படியே ஐந்தும் மறுபடி போய்விடுகின்றன. ஒரு மில்லிசெகண்ட் நான்கு பதிவுகளைத் தின்றுவிட்டது.

இனி மூன்றாவது வழி. தொடங்கும் முன்பே கேட்கிறோம்: இப்போது மணி 0, இதற்கு வேண்டியது 40, கெடு 35, முடியுமா? முடியாது. தொடாமலே எறிகிறோம். இரண்டாவது 40-ல் முடிகிறது, கெடு 75. மூன்றாவது 80, நான்காவது 120, ஐந்தாவது 160. ஒவ்வொன்றுக்கும் 35 மில்லிசெகண்ட் மிச்சம். தொடங்கும் முன் ஒரு கழித்தல் கணக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு ஒவ்வொரு வகை டிரான்சாக்ஷனும் எவ்வளவு நேரம் எடுக்கும் என்ற மதிப்பீடு வேண்டும். அளந்த பதிவிலிருந்து 95-வது சதமானத்தை (நூற்றில் 95 அதற்குள் முடிந்திருக்கும் நேரத்தை) எடுத்துக்கொள்ளுங்கள், சராசரியை எடுக்காதீர்கள். மதிப்பீடே கிடைக்காத இடங்களுக்கும் வழி இருக்கிறது. ஜெயந்த் ஹரித்சா, மிரான் லிவ்னி, மைக்கேல் கேரி மூவரும் 1991-ல் ஒன்று சொன்னார்கள்: வருகிறவற்றை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் கெடு வரிசையைக் கொடுத்து, தவறும் விகிதத்தைப் பார்த்துப் பார்த்து அந்தக் குழுவின் அளவைக் கூட்டிக் குறைப்பது. எல்லோரையும் காப்பாற்றப் பார்த்து எல்லோரையும் இழக்காமல், ஒரு பகுதியை உறுதியாகக் காப்பாற்றும் ஏற்பாடு அது. ஹரித்சா பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரானவர். இந்தத் துறையில் அவர் பெயரை அடிக்கடி சந்திப்பீர்கள்.

எச்சரிக்கை வகைக்கு இந்த எறிதல் பொருந்தாது என்பதைப் படி 1-ன் தாள் சொல்லும். எச்சரிக்கைகள் கருவிப் பதிவுகளுக்கு மேலே தனி அடுக்கில் இருக்கும். அடுக்குக்குள் கெடு வரிசை.

படி 5: லாக் பிடித்தவர் யார்?

ஒருவர் மாற்றும் தரவை அவர் முடிக்கும் வரை வேறு யாரும் மாற்றாதபடி போடும் பூட்டுதான் லாக். அந்த 20 எச்சரிக்கைகளுக்கு 6 விநாடி ஆனதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. போஸ்ட்கிரஸில் படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரை ஒருவர் மறிப்பதில்லை. ஒரே தரவின் பல பதிப்புகளை வைத்துச் சமாளிக்கும். "அறிக்கை படிக்கத்தானே செய்யுது, எப்படி மறிக்கும்?" என்று மாணவர்கள் கேட்டது நியாயம். நிரலைத் திறந்து பார்த்தோம். அறிக்கை அட்டவணையில் ஒவ்வொரு நீர்மட்ட நிலையத்துக்கும் உள்ள வரிசையிலும் (row) "கணக்கில் சேர்ந்தது" என்று ஒரு குறி போட்டுக்கொண்டே போனது. மாற்றங்களை உறுதிசெய்யும் கமிட் கடைசியில் ஒரே ஒருமுறை, அதுவரை லாக் விடாது. எச்சரிக்கையும் அதே வரிசையில் நிலையை மாற்ற வேண்டும். அறிக்கை முடியும் வரை அது வாசலிலேயே நின்றது.

இதை ஒரே புராசஸர் கோர் என்று எளிமையாக்கிப் பார்ப்போம். எண்கள் மில்லிசெகண்டில். அறிக்கையின் ஒரு பகுதிக்கு 200 வேண்டும். 0-ல் தொடங்கி, உடனே தென்பெண்ணை வரிசையின் லாக்கைப் பிடிக்கிறது. 100-ல் எச்சரிக்கை வருகிறது. வேலை 50, கெடு 300. முன்னுரிமை அதிகம் என்பதால் உடனே ஓடுகிறது, 110-ல் லாக் கேட்டு நிற்கிறது. அறிக்கை மறுபடி ஓடுகிறது. 120-ல் மழைமானிப் பதிவுகளின் தொகுதி ஒன்று வருகிறது, வேலை 300. அதற்கும் லாக்குக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அறிக்கையைவிட முன்னுரிமை கூடுதல். 120 முதல் 420 வரை அது ஓடுகிறது. மீதி 90 வேலை உள்ள அறிக்கை 510-ல் முடிகிறது. எச்சரிக்கை முடிவது 550-ல். கெடு 300.

எல்லோரையும்விட மேலே உள்ளவர், நடுவில் உள்ளவருக்காகக் காத்து நிற்கிறார். இதற்கு முன்னுரிமைத் தலைகீழ் என்று பெயர். 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தில் இதுவேதான் நடந்தது. வானிலைத் தகவல் சேகரிக்கும் தாழ்ந்த முன்னுரிமை வேலை ஒரு லாக்கைப் பிடித்திருக்க, தகவல்தொடர்பு வேலை நடுவில் புகுந்து ஓட, மேல்நிலை வேலை நேரத்துக்கு முடியாமல் கணினி மறுபடி மறுபடி ரீசெட் ஆனது. பூமியிலிருந்தே ஓர் அமைப்பை மாற்றிச் சரிசெய்தார்கள். அந்த மாற்றத்தின் பெயர் முன்னுரிமை மரபேற்றம். லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹாஸ்கி மூவரும் 1990-ல் முறையாக விளக்கி எழுதிய வழி அது.

நம் எடுத்துக்காட்டில் அதைப் பொருத்தினால், எச்சரிக்கை 110-ல் நின்றதுமே அறிக்கைக்கு எச்சரிக்கையின் முன்னுரிமை கிடைத்துவிடும். 120-ல் வரும் மழைமானி காத்திருக்கும். அறிக்கை 210-ல் முடியும், எச்சரிக்கை 250-ல். கெடுவுக்குள் முடிந்தது, எந்த வேலையும் வீணாகவில்லை.

இன்னொரு வழி, 110-லேயே அறிக்கையை ரத்து செய்வது. ரோல்பேக் 10 என்றால் எச்சரிக்கை 160-ல் முடிந்துவிடும். ஆனால் அறிக்கை செய்திருந்த 100 வேலை வீண், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டில் எது? எனக்குப் பிடித்தது நிபந்தனையோடு ரத்து செய்வது. ராபர்ட் அபட், ஹெக்டர் கார்சியா-மோலினா இருவரும் 1988-லிருந்து இந்த வகை விதிகளை ஒப்பிட்டு அளந்தவர்கள். லாக்கைப் பிடித்திருப்பவருக்கு மிச்சம் எவ்வளவு வேலை, கேட்பவருக்குக் கெடு வரை எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். இங்கே 110-ல் எச்சரிக்கைக்கு மிச்ச வேலை 40. 300-லிருந்து 110-ஐயும் 40-ஐயும் கழித்தால் 150 இடைவெளி. அறிக்கைக்கு மிச்சம் 100. 100 என்பது 150-க்குள் அடங்குகிறது, காத்திருக்கலாம். அடங்காவிட்டால் ரத்து.

படி 6: லாக்கே வேண்டாமா?

குங், ராபின்சன் இருவரும் 1981-ல் வைத்த யோசனை: யாரும் யாரையும் மறிக்க வேண்டாம், எல்லோரும் தனிப் பிரதியில் வேலை செய்யுங்கள், கமிட் வாசலில் மோதல் இருக்கிறதா என்று சரிபார்ப்போம். மோதல் இருந்தால் ஒருவர் மறுபடி தொடங்க வேண்டும்.

சாதாரண டேட்டாபேஸில் எது மேல் என்ற விவாதம் நீண்ட நாள் ஓடியது. ராகேஷ் அகர்வால், கேரி, லிவ்னி மூவரும் 1987-ல் அதைத் தெளிவாக்கினார்கள். புராசஸரும் டிஸ்க்கும் குறைவாக இருந்தால் லாக் போட்டுக் காத்திருப்பது நல்லது, ஏனென்றால் வீணான வேலையே அங்கே பெரிய செலவு. வசதிகள் தாராளமாக இருந்தால் மறுதொடக்க வழி முந்தும்.

கெடு வந்ததும் கணக்கில் இன்னொரு அம்சம் சேர்கிறது. லாக் வழியில், மேலே உள்ள ஒருவர் கீழே உள்ளவரை ரத்து செய்கிறார். பிறகு அந்த மேலே உள்ளவரே கெடு தவறி எறியப்படுகிறார். கீழே உள்ளவரின் தியாகம் யாருக்கும் உதவவில்லை. சரிபார்ப்பு வழியில் அடுத்தவரை ரத்து செய்பவர் கமிட் வாசலுக்கு வந்துவிட்டவர். அவர் முடிப்பது உறுதி, அதனால் தியாகம் வீணாகாது. கெடு தவறியதை எறிந்துவிடும் அமைப்புகளில் சரிபார்ப்பு வழி முந்துகிறது என்று ஹரித்சா குழு 1990-ல் காட்டியதன் காரணம் இதுதான். முடிக்க வந்தவரோடு மோதுபவர்களில் பாதி அல்லது அதற்கு மேல் உயர்ந்த முன்னுரிமை உள்ளவர்கள் என்றால் மட்டும் அவர் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்ற திருத்தத்தையும் அவர்களே சேர்த்தார்கள்.

மாணவர்களின் அமைப்புக்கு நான் சொன்ன முடிவு: கருவிப் பதிவுகளுக்குச் சரிபார்ப்பு வழி, எச்சரிக்கைக்கும் அறிக்கைக்கும் லாக். காரணம் மறுபடி அதே தாள்தான். பதிவு எறியக்கூடியது, எச்சரிக்கை எறியக் கூடாதது.

படி 7: போஸ்ட்கிரஸில் கைவைப்பது

மேலே சொன்னவற்றில் பல போஸ்ட்கிரஸில் நேரடியாக இல்லை. டிரான்சாக்ஷனுக்கு முன்னுரிமை என்ற ஒன்றே அதில் கிடையாது. அருகில் போய்ச் சேரும் வழிகளைச் சொல்கிறேன்.

முதல் வேலை, லாக்கைப் பிடித்திருக்கும் நேரத்தைக் குறைப்பது. அறிக்கையின் குறியை நிலைய வரிசையிலிருந்து எடுத்துத் தனி அட்டவணைக்கு மாற்றினோம். 20 நிலையத்துக்கு ஒரு கமிட் என்று துண்டு போட்டோம். 6 விநாடிக் காத்திருப்புகள் அன்றே போய்விட்டன. மற்ற எந்த வித்தையும் இதற்கு ஈடாகாது.

அடுத்து காத்திருப்பு வரம்புகள். லாக் டைம்அவுட் இயல்பாக பூஜ்யம், அதாவது எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். ஒரு கட்டளை ஓடும் நேரத்துக்கான ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டும் அப்படியே. வகைவாரியாகத் தனி யூசர் வைத்து, ஒவ்வொரு யூசருக்கும் தனி வரம்பு கொடுங்கள். டெட்லாக் டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு 1 விநாடி. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றால், அதற்குப் பிறகுதான் போஸ்ட்கிரஸ் சோதிக்கவே தொடங்கும். உங்கள் கெடு 300 மில்லிசெகண்ட் என்றால் டெட்லாக் வந்த நொடியே கெடு போயிற்று. அதனால் எல்லா டிரான்சாக்ஷனும் நிலைய எண் ஏறுவரிசையில்தான் லாக் கேட்க வேண்டும் என்று விதி வைத்துவிட்டோம். வட்டமாக மாட்டிக்கொள்ளவே வழியில்லை. மைஎஸ்க்யூஎல் பயன்படுத்துபவர்கள் அதன் சேமிப்பு இன்ஜினான இன்னோடிபியின் லாக் காத்திருப்பு இயல்பாக 50 விநாடி என்பதை இன்றே போய் மாற்றுங்கள்.

எச்சரிக்கைக்குத் தனி கனெக்ஷன் பூல் (டேட்டாபேஸுக்கு முன்பே திறந்து வைத்த இணைப்புகளின் தொகுப்பு). போன் ஆப்பிலிருந்து வரும் கேள்விகள் எல்லா கனெக்ஷனையும் பிடித்துக்கொண்டால், எச்சரிக்கைக்கு டேட்டாபேஸ் வாசலே திறக்காது. அனுப்ப வேண்டிய எச்சரிக்கைகளின் பட்டியலிலிருந்து பல வொர்க்கர் புரோகிராம்கள் மோதாமல் எடுக்க, லாக் ஆன வரிசைகளைத் தாண்டிப் போகும் 'ஸ்கிப் லாக்ட்' வசதி 9.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது.

கருவிப் பதிவுகளுக்கு ஒத்திசைவுக் கமிட்டை அணைக்கலாம். டிஸ்க்கில் எழுதி முடியும் வரை காத்திருக்காமல் பதில் வந்துவிடும். மின்சாரம் போனால் கடைசி அரை விநாடிக்குச் சற்று மேற்பட்ட பதிவுகள் போகலாம், டேட்டாபேஸ் கெடாது. அடுத்த அளவு எப்படியும் வரும் என்பதால் இந்த இழப்பு சரி. எச்சரிக்கைக்கு ஒருபோதும் அணைக்காதீர்கள்.

மழைக்கால நடுவில் அட்டவணையின் அமைப்பை மாற்றாதீர்கள். ஒரு 'ஆல்டர் டேபிள்' நீண்ட அறிக்கை ஒன்றின் பின்னால் காத்து நின்றால், அதன் பின்னால் வரும் சாதாரணப் படிப்புகள்கூட வரிசையில் நிற்கும். தவிர்க்கவே முடியாது என்றால் லாக் டைம்அவுட்டைச் சிறிதாக வைத்துக்கொண்டு முயலுங்கள்.

படி 8: புயல் இரவு ஒத்திகை

தானே புயலுக்குப் பிறகு எங்கள் மாவட்டத்தின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. செல்போன் டவர் விழுந்துவிட்டால் கருவி அளவுகளைத் தன்னிடமே சேர்த்து வைக்கும். டவர் உயிர் பெற்றதும் எல்லாக் கருவிகளும் சேர்த்ததை ஒரே மூச்சில் கொட்டும். மாணவர்கள் சீரான சுமையைத்தான் சோதித்திருந்தார்கள். இந்தக் கொட்டலைச் சோதிக்கவே இல்லை. 40 கருவிகள், நிமிடத்துக்கு ஓர் அளவு, இரண்டு மணி நேரத் துண்டிப்பு என்று போட்டுப் பாருங்கள்: 4,800 பதிவுகள் ஒரே நேரத்தில் வாசலில்.

வந்த வரிசையில் எழுதினால் இரண்டு மணி நேரத்துக்கு முந்தைய நீர்மட்டம் முதலில் போகும். இப்போதைய மட்டம் கடைசியில். ஒவ்வொரு கருவியின் கடைசி அளவை மட்டும், மொத்தம் 40 பதிவுகளை, கெடு உள்ள பாதையில் விடுங்கள். மீதி 4,760 பதிவுகளுக்கு நேரடிக் கணக்கில் மதிப்பில்லை. அவை வரலாற்று அட்டவணைக்கானவை. தனி பூலில் மெதுவாகத் தொகுதி தொகுதியாகப் போகட்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: பழைய அளவு ஒன்று பிந்தி வந்து புதிய அளவின் மேல் எழுதிவிடக் கூடாது. எழுதும் முன் அளவு எடுத்த நேரத்தை ஒப்பிட வேண்டும், வந்து சேர்ந்த நேரத்தை ஒப்பிட்டுப் பயனில்லை.

ஒத்திகையில் கொட்டலையும் 150 எச்சரிக்கைகளையும் நாள் அறிக்கையையும் ஒரே நிமிடத்தில் தொடங்குங்கள். கூடவே போன் ஆப்பின் கேள்விகளை வழக்கமான அளவைப் போலப் பத்து மடங்காக்குங்கள். வகைவாரியாகத் தவறிய விகிதத்தை எழுதுங்கள். லாக் காத்திருப்புகளைப் பதிவு செய்யும் அமைப்பை முன்பே இயக்கி வைத்தால், டெட்லாக் டைம்அவுட்டைத் தாண்டிய காத்திருப்புகளில் யார் யாரை மறித்தார் என்பது போஸ்ட்கிரஸின் பதிவேட்டில் புராசஸ் எண்ணோடு வரும். ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம் செய்து மறுபடி ஓட்டுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். ஒத்திகையைச் செப்டம்பருக்குள் முடியுங்கள்.